கரி வடிகட்டிய தண்ணீர்

ஹைதராபாத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது வாடகையை அல்ல. "மஞ்சீரா வருமா, போர் மட்டுந்தானா?" என்பதைத்தான். மஞ்சீரா என்றால் ஆற்றுத் தண்ணீர், குடிக்கலாம். போர் என்றால் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, பக்கெட்டில் படிந்து, கடைசியில் தலைமுடியையும் கொண்டுபோகிற உப்புத் தண்ணீர். திருமுல்கேரியில் நான் குடியேறிய மாடிவீட்டில் மஞ்சீரா ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், கோடையில் அதற்கு இஷ்டம் இருந்தால் வரும். எனக்கு அதைப் பற்றி அவ்வளவாகக் கவலை இருந்ததில்லை. வீட்டில் நான் குடித்த தண்ணீர் முடிந்தவரை ரயிலில் வந்தது.

சொன்னால் சிரிப்பார்கள். அலுவலகத்தில் சிரிக்கவும் செய்தார்கள். எல்லாரும் ஊரிலிருந்து ஊறுகாயும் முறுக்கும் கொண்டுவருகிற காலத்தில் நான் ஒரு கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சிகந்தராபாத் ஸ்டேஷனில் இறங்குவேன். பொங்கலுக்குப் போனால் ஒரு கேன், தீபாவளிக்குப் போனால் ஒரு கேன். நடுவில் அக்கா வந்தால் அவள் கையிலும் ஒன்று இருக்கும். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். கணவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் அது. முதல்முறை அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது அந்த அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"கைக்கும்மா இவ்ளோ தூரம் தண்ணி தூக்கினு வர்றே? எங்க ஊர்ல தண்ணி இல்லியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்றாங்க?" 'கைக்கு' என்றால் இங்கே 'எதுக்கு' என்று நான் விளக்கியதும் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஹவ், மீட்டா இருக்குது" என்று அது தித்திப்பதை ஒப்புக்கொண்டார். அக்கா அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தாள்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கிணறு வற்றிப்போய், அப்பா கொல்லையில் போர் போட்டார். முதலில் செம்மண் வந்தது, அப்புறம் களிமண் வந்தது. அதற்கும் கீழே போனதும் கறுப்பாக, ஈரமாக, மக்கின மரத்தூள் மாதிரி ஒன்று வந்தது. போர் போட வந்தவர் அதைக் கையில் உதிர்த்துப் பார்த்துவிட்டு, "பழுப்பு நிலக்கரி சார். இந்தப் பக்கம் பூரா அடியில இதுதான் படுத்துக் கெடக்கு" என்றார். எங்கள் ஊரில் சுரங்கம் கிடையாது. யாரும் தோண்டவில்லை. கரி பாட்டுக்குக் கீழே கிடந்தது, நாங்கள் பாட்டுக்கு மேலே இருந்தோம்.

அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு வருஷமும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாடம் வரும்போது மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவார். கூழாங்கல், மணல், அடுப்புக்கரி. மேலே குட்டைத் தண்ணீரை ஊற்றுவார். கீழே தெளிந்து சொட்டும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அப்படிப்பட்ட மனிதரின் கொல்லையில் கரிக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தால் அவர் என்ன நினைப்பார்? "நம்ம வீட்டுக்கு அடியில ஆண்டவனே கரிப்பானை வச்சிருக்கான்" என்று தெருவெல்லாம் சொன்னார். தெருவும் நம்பியது. நம்பாமல் இருக்கவும் வழி இல்லை, அவ்வளவு ருசி. பருப்பு சட்டென்று வெந்துவிடும். சோப்பு நுரைத்துத் தள்ளும். பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தோடு வருவார்கள். சில்வர் குடத்தில் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினால் மட்டும் ரொம்ப லேசாக ஒரு பழுப்பு இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பீங்கான் கோப்பை கிடையாது.

அப்பா ஐம்பதைத் தாண்டியதும் கால் வீங்கி, முகம் வீங்கி, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். இதயம் என்றார்கள். அம்மா அதற்கு முன்பே இல்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி, மாமா எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். என்னைப் படிக்கவைத்தது அவர்கள் இருவரும்தான்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே அலறிக்கொண்டிருந்த சமயத்தில் எனக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. அடுத்தவன் எழுதினதில் தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். என் குணத்துக்கு அது ரொம்பப் பொருத்தம் என்று மாமா சொல்வார். எங்கள் அலுவலகம் நகரத்தின் அந்தக் கோடியில் பாறைகளை வெடி வைத்து உடைத்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடம். கேப் வந்து அழைத்துப்போகும், கேப் வந்து இறக்கிவிடும். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள், பெங்களூர் போனார்கள், கல்யாணமாகிப் போனார்கள். எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் நான் போதும் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை காலை கேப் டிரைவரிடம் பேசும்போது தொண்டை கட்டியிருக்கும்.

அந்த நாட்களில்தான் வீடு வீடாக வாட்டர் ஃபில்டர் விற்க வருவார்கள். டை கட்டின ஒரு பையன் வந்து ஃபில்டரைப் பிரித்துக் காட்டினான். "மேடம், இது உள்ளே கார்பன். எல்லா அழுக்கையும் பிடிச்சுக்கும்." எங்கள் வீட்டுக்கு அடியிலேயே அது இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

உடம்பு மெல்லத்தான் கெட்டது. பசி போனது. படியேறினால் மூச்சு வாங்கியது. முகம் வெளுத்து ஒரு மாதிரி செம்பு நிறத்துக்கு வந்தது. ராத்திரி ஷிஃப்ட் என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஏதோ ஒரு பரிசோதனையில் கிரியாட்டினின் எக்கச்சக்கமாக இருக்கிறது என்று தெரிந்து, ஸ்கேன் எடுத்தால் இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்க் கிடந்தன. சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. கல் இல்லை. "அப்புறம் எதனால?" என்று கேட்டேன். "சில பேருக்குக் காரணம் தெரியறதில்லை" என்றார்கள். தெரியாது என்ற பதிலை என் வேலையில் நான் யாரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. அங்கே ஏற்றுக்கொண்டு எழுந்து வந்தேன்.

அக்காவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. ஃபோனில் அழுதுகொண்டே திட்டினாள். "அந்த ஊரு உப்புத் தண்ணிதாண்டி உன்னயத் தின்னுடுச்சு. ஹோட்டல்ல குடிக்கிற, ஆபீஸ்ல குடிக்கிற. நான் எத்தனை தடவ சொன்னேன்." அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். இந்த ஊர்த் தண்ணீர் கிட்னிக்கு ஆகாது என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. நானும் நம்பினேன். அதன்பிறகு வெளித் தண்ணீரைத் தொடுவதே இல்லை என்று முடிவு செய்தேன்.

அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். எங்கள் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் ராணுவத்தில் இருக்கிறார்கள். திருமுல்கேரி கன்டோன்மென்ட் பகுதி. லீவு முடிந்து திரும்புகிற யாராவது ஒருவர் கறுப்புப் பெட்டியோடு ஒரு கேன் தண்ணீரையும் தூக்கிவந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். "அக்கா குடுத்துவிட்டாங்க." உள்ளே வந்து உட்காரச் சொன்னால் கூச்சப்பட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். நான் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி வைத்துக்கொள்வேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்தபின் ஒரு கேன் ரொம்ப நாள் வந்தது. ஏனென்றால் நான் குடிப்பதே கொஞ்சம். கிட்னி போனவர்களுக்கு உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் வாய், எல்லாம் அதற்குள். மேலே போனால் மூச்சு முட்டும். ஹைதராபாத் வெயில் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் எரிச்சலாக வரும். அப்படி அளந்து குடிக்கக் கிடைத்த அந்தப் பாட்டிலை நான் அக்காவின் தண்ணீரால்தான் நிரப்பினேன். கொஞ்சம்தான் குடிக்க முடியும் என்றால் நல்லதாகவாவது குடிப்போமே.

வாரத்தில் மூன்று காலை மிஷினில் படுத்திருப்பேன். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். மனைவியோ மகனோ உட்கார்ந்து இட்லி ஊட்டிக்கொண்டிருப்பார்கள். என் ஸ்டூலில் என் கைப்பை இருக்கும். புதிதாக வருகிற நர்ஸ் ஒவ்வொருவரும் "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்றால் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு எனக்குக் கோபம் வரும். ஒருநாள் ஒரு பெண்ணிடம், "கைப்பைக்கு இடம் வேணும்னுதான் யாரையும் கூட்டிட்டு வரல" என்றேன். அவள் அதற்குப்பிறகு என்னோடு பேசவில்லை. அதற்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அக்கா ஃபோனில் சாதாரணமாகச் சொன்னாள். "பாப்பா, நான் ஒண்ணு குடுத்துடறேன். மாமாகிட்ட பேசிட்டேன். ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு போதும் எனக்கு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நாலு தடவை மறுத்துவிட்டு அப்புறம் ஒத்துக்கொள்வதுதான் மரியாதை. எனக்கு அந்த மரியாதையெல்லாம் தாங்கவில்லை. "எப்ப வர்ற?" என்றேன்.

அவள் வந்தாள், இரண்டு கைக்கும் இரண்டு கேனோடு. பரிசோதனைகளுக்காக என் வீட்டில் தங்கினாள். ரத்த வகை ஒன்றுதான் என்று தெரிந்ததும் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கேசரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த நாட்கள்தான் அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் உள்ளே விளக்கு எரியும். தாளிக்கிற வாசனை மாடிப்படியிலேயே வரும். டயாலிசிஸின்போது என் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கைப்பை அவள் மடியில் இருந்தது. நர்ஸ்களிடம் தமிழிலேயே பேசினாள், அவர்கள் தெலுங்கிலேயே பதில் சொன்னார்கள், இரண்டு பக்கமும் திருப்தி.

"ஆபரேஷன் முடிஞ்சதும் முதல் வேலையா நீ ஒரு சொம்பு தண்ணி குடிக்கணும்டி" என்றாள் ஒருநாள். "ஒரே மூச்சுல. நான் பாக்கணும்." அவள் அதற்காகவே ஊரிலிருந்து ஒரு சொம்பும் கொண்டுவந்திருந்தாள். வீட்டுக் குழாயடியில் கிடக்கிற பழைய சொம்பு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கினேன்.

எல்லா முடிவுகளும் வந்தபின் மருத்துவர் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னப் பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. நான் நடுவில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார், உங்கள் அக்காவின் கிட்னியை எடுக்க முடியாது. அவருடையதும் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. ஒன்றை எடுத்தால் அவரும் மிஷினுக்கு வந்துவிடுவார். எடுக்காவிட்டாலும் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. "நீங்களே சொல்லிடுங்க அவங்ககிட்ட."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தப்புகளைச் சொன்னவள் நான். முகத்துக்கு நேரே சொல்வேன். அன்று சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"உன்னோடது எனக்கு ஆகாதாம்க்கா."

"ரத்தம் ஒண்ணுன்னாங்களே."

"ரத்தம் ஒண்ணுதான்."

"அப்புறம் என்னடி?"

"உனக்கே வேணுமாம். உன்னோடதும் சுருங்கியிருக்காம்."

அவள் சிரித்தாள். "போடி. நான் நல்லாத்தான இருக்கேன். எனக்கு என்ன?"

"நானும் நல்லாத்தான்க்கா இருந்தேன்" என்றேன்.

மருத்துவருக்கு எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் எது நடக்கிறது என்று புரிந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கேட்டார். இரண்டு பேருக்கும் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஒருவர் நகரத்தில், ஒருவர் கிராமத்தில். ஆனால் ஒரே நோய். வீட்டில் வேறு யாருக்காவது? அப்பாவின் வீங்கின கால்களைச் சொன்னேன். சின்ன வயதில் என்ன மாத்திரை, என்ன மூலிகை, என்ன தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர் என்றதும் எனக்குப் பழக்கத்தில் அந்தப் பழைய பெருமை வந்துவிட்டது. "தண்ணியில குறையே இல்ல டாக்டர். எங்க வீட்டுப் போர்ல நிலக்கரியத் தாண்டித்தான் தண்ணி வருது. இயற்கையான கார்பன் ஃபில்டர்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "என்ன நிலக்கரி?"

"பழுப்பு நிலக்கரி."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். ஃபில்டரில் இருப்பது சுட்டெடுத்த கரி. அது தண்ணீரில் இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழுப்பு நிலக்கரி அப்படி இல்லை, அது இன்னும் முழுசாகக் கரியாகாத மரம். வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறும்போது அதிலிருந்து சில கரிமச் சேர்மங்கள் இறங்கும், தேயிலையிலிருந்து சாயம் இறங்குகிற மாதிரி. அதில் சிலது விஷம். குடித்த அன்றைக்கு ஒன்றும் செய்யாது. பல வருஷம் குடித்தால் கிட்னியைக் கெடுக்கலாம் என்று சில நாடுகளில் ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தேகம்தான், உங்கள் விஷயத்தில் அதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. நிரூபிப்பதும் கஷ்டம். "ஆனா நான் உங்க இடத்துல இருந்தா அந்தத் தண்ணிய குடிக்க மாட்டேன்."

தண்ணீரைச் சோதித்திருக்கிறேன் என்றேன். நான் சோதிக்காமல் இருப்பேனா? ஹைதராபாத் வந்த முதல் வருஷமே ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் ஒரு லேபில் கொடுத்து, உப்பு, கடினத்தன்மை, கிருமி எல்லாம் பார்த்து, குடிக்க உகந்தது என்று வாங்கி வைத்திருந்தேன். சாதாரண சோதனையில் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றார் அவர். இதை என்னிடம் சொல்லவே வேண்டியதில்லை. எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் சோதனை தேடும். தினமும் அலுவலகத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்கிற முதல் பாடம் அது.

"என்னவாம்? தண்ணின்னு என்னமோ சொல்றீங்களே ரெண்டு பேரும்?" என்றாள் அக்கா.

அதையும் சொன்னேன். கரி, மரம், சாயம், எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்பா சொன்னாரேடி. மூணு பானை" என்றாள்.

"அது வேற கரிக்கா."

கொஞ்ச நேரம் முந்தானையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "அப்ப நான் குடுத்துவிட்டதெல்லாம்? ராணுவத்துப் பிள்ளைவள எல்லாம் தூக்கியாரச் சொன்னேனே, அது?"

நான் மேஜையில் விரிந்து கிடந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"உனக்குக் குடுக்க எங்கிட்ட நல்லது ஒண்ணுகூட இல்லையாடி?" என்றாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். மருத்துவர் என்னைப் பார்த்தார், அக்கா என்ன சொல்கிறார் என்று. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேரே சமையலறைக்குப் போனாள். ஒரு கேன் முழுசாக இருந்தது, இன்னொன்றில் பாதி. பாதிக் கேனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். கீழ்வீட்டு அம்மாவின் செம்பருத்திச் செடி அருகே நின்றுகொண்டு மேலே பார்த்துக் கேட்டாள். "செடிக்கு ஊத்தலாமாடி?"

"தெரியலக்கா."

அந்த அம்மா வெளியே வந்து, விஷயம் தெரியாமல், "நக்கோ நக்கோ, இவ்ளோ தூரம் கொண்டாந்த தண்ணிய செடிக்கா ஊத்துவாங்க?" என்று தடுத்தார். அக்கா கேனைச் சாக்கடை ஓரம் கொண்டுபோய்ச் சரித்தாள். மொத்தமாகக் கவிழ்க்க அவளுக்கு மனசு வரவில்லை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு மேலே வந்து முழுக் கேனையும் எடுத்துப்போய் அப்படியே செய்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம். அப்பாமேல் கோபப்பட முடியவில்லை. அவர் நடத்தின பாடத்தில் ஒரு தப்பும் இல்லை. நிலக்கரிமேல் கோபப்பட முடியுமா? அது எங்களுக்கு முன்னாடியே அங்கே இருந்தது. நாங்கள்தான் துளை போட்டு அதைக் கூப்பிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் அவளை ரயிலேற்றப் போனேன். இன்னும் ஒரு வாரம் இரு என்று கெஞ்சினேன். "அங்க மாமா அதே தண்ணிய குடிச்சிட்டு இருப்பாருடி, தம்பியும் குடிப்பான்" என்றாள். தம்பி என்று அவள் சொல்வது அவள் மகனை. ஃபோனில் சொன்னால் போதாதா என்றால், ஃபோனில் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், நானே போய் மோட்டாரைப் பிடுங்கிப் போட்டால்தான் உண்டு என்றாள். காலிக் கேன்கள் இரண்டையும் வழக்கம்போலக் கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டாள். சொம்பை மட்டும் சமையலறையிலேயே விட்டிருந்தாள். மறந்துவிட்டாளோ என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

அக்கா வெளித் தண்ணீர் குடிக்க மாட்டாள். கல்யாண வீட்டில்கூடக் குடிக்க மாட்டாள். ரயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக் கேனிலிருந்து, அதாவது அவளே கொண்டுவந்ததிலிருந்து, ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போவாள். அன்று அவள் பையில் பாட்டில் இல்லை. நான் பிளாட்ஃபாரக் கடையில் ஒரு மூடி போட்ட பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறக்கத் தெரியவில்லை. நான் கம்பி வழியாகக் கையை விட்டுத் திருகிக் கொடுத்தேன்.

அவள் அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ருசியே இல்ல பாப்பா." பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்தாள். நிறுத்தாமல், ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரை. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்றைக்கான தண்ணீர் மத்தியானமே தீர்ந்திருந்தது. காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டி, "குடிச்சிட்டேன் பாத்துக்க. இனிமே இதான்" என்றாள். வண்டி நகர்ந்தது. அந்தப் பாட்டிலை எங்கே போடுவது என்று தெரியாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

ஊரில் அவள் மோட்டாரை நிறுத்தினாள். தெருமுனையில் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது, அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சீந்தாதது. அங்கே குடத்தை வரிசையில் வைத்தாள். ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை. வாத்தியார் வீட்டுப் பொண்ணுக்கு ஹைதராபாத் போய்ப் புத்தி கெட்டுப்போச்சு என்றார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் கொல்லைக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டுச் சண்டை போட்டார்கள். நான் மருத்துவர் மூலமாக ஒரு பெரிய லேபுக்கு அந்தத் தண்ணீரை அனுப்பினேன். அப்படிப்பட்ட சேர்மங்கள் சிலது இருக்கின்றன, ரொம்பக் குறைந்த அளவில் இருக்கின்றன, அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன பேசுவது? மாமாவுக்கும் தம்பிக்கும் இதுவரை பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

அக்காவுக்கு நாள் வந்தது. சில வருஷம் தள்ளி, எனக்கு வந்த மாதிரியே, முதலில் பசி போய், பிறகு முகம் வெளுத்து. இப்போது அவள் அங்கே பெரியாஸ்பத்திரியில் மிஷினில் படுக்கிறாள். எனக்கு வேறு கிட்னி கிடைக்கவில்லை. காத்திருப்போர் வரிசையில் பெயர் இருக்கிறது. என் நாட்களை மாற்றித் தரச் சொல்லி இங்கே சண்டை போட்டு, அவளுக்கு வைத்திருக்கிற அதே காலைகளை வாங்கிக்கொண்டேன். இருவரும் ஊசி குத்தின கையை அசைக்கக்கூடாது. மற்றக் கையில் ஃபோன்.

என் ஸ்டூலில் மறுபடியும் கைப்பை இருக்கிறது. அவள் ஸ்டூலில் மாமா சில நாள் இருப்பார், சில நாள் வயலுக்குப் போய்விடுவார். நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. என்ன குழம்பு, யார் வீட்டில் விசேஷம், அங்கே மழையா என்று ஏதாவது. பேச ஒன்றும் இல்லாதபோதும் இருவரும் ஃபோனை வைப்பதில்லை. அவள் பக்கத்து மிஷின் சத்தம் எனக்குக் கேட்கும், என்னுடையது அவளுக்குக் கேட்கும்.

போன வாரம் இங்கே நல்ல வெயில். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன், தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். ரொம்ப நேரம் கழித்து மெல்லக் கேட்டாள்.

"பாப்பா, தாகமா இருக்காடி?"

"இருக்குக்கா."

"எனக்கும்" என்றாள்.